முறைசாராத் துறையும் முதலாளித்துவ நெருக்கடியும்: அக்ரா நகரை முன்வைத்துச் சில கருத்துக்கள்

முறைசாராத் துறை என்னும் கருத்தாக்கம் கானாவின் தலைநகரான அக்ராவிலே உருப்பெற்றது. அந்நகரின் நீமா என்னும் சேரிப் பகுதியில் 1960களின் பிற்பகுதியில் கள ஆய்வு நடாத்திய மானிடவியலாளர் கீத் ஹார்ட், 1971இல் வாசித்து 1973இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை முன்வைத்தார். சம்பளப் பட்டியலில் இடம்பெறாதோரை வேலையற்றோர் எனக் கொள்ளுதல் தவறு என்றும், சிறுவணிகம் முதலான பல வழிகளில் அவர்கள் உழைத்துப் பிழைக்கின்றனர் என்றும் அவர் காட்டினார். கென்யா பற்றிய சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1972ஆம் ஆண்டு அறிக்கை இச்சொல்லை உலகெங்கும் பரப்பியது.

ஆயின், இச்சொல் ஒரு மயக்கத்துக்கும் இடமளித்தது. முறைசார்ந்த துறையும் முறைசாராத் துறையும் ஒன்றையொன்று சாராது இயங்குவன என்ற எண்ணமே அது. அக்ராவின் பிற்கால வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கின்றது என்பதே எமது கருத்து.

கானாவின் ஏற்றுமதி வருவாய் பெரும்பாலும் கொக்கோவிலே தங்கியிருந்தது. 1965இல் அதன் உலகச் சந்தை விலை சரிந்தது. மறு ஆண்டில் குவாமே நிக்ரூமாவின் ஆட்சி இராணுவத்தினாற் கவிழ்க்கப்பட்டது. 1973இன் எண்ணெய் விலையேற்றமும், ஆட்சியாளரின் ஊழலும், செடி நாணயத்துக்கு இடப்பட்ட மிகை மதிப்பும் சேர்ந்து நெருக்கடியை முற்றச் செய்தன. இறக்குமதிப் பொருள்கள் அருகின. கட்டுப்பாட்டு விலைக்கும் சந்தை விலைக்குமிடையே பெரும் இடைவெளி தோன்றிற்று.

இதன் பழி சந்தைப் பெண்கள்மீது சுமத்தப்பட்டது. 1979 ஓகஸ்டில், ஜெரி றோலிங்ஸ் தலைமையிலான இராணுவ ஆட்சியின்போது, அக்ராவின் மக்கோலா முதலாம் இலக்கச் சந்தையைப் படையினர் தகர்த்தனர். பதுக்கற்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண் வணிகர் சிலர் பகிரங்கமாகச் சவுக்கடிக்கும் ஆளாயினர். சந்தை அழிந்த பின்னரும் தட்டுப்பாடு நீங்கவில்லை.

1981இன் இறுதியில் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றிய அதே றோலிங்ஸ், 1983இல் சர்வதேச நாணய நிதியம், உலக வங்கி ஆகியவற்றின் ஆதரவுடன் பொருளாதார மீட்புத் திட்டத்தைத் தொடக்கினார். அவ்வாண்டின் தொடக்கத்தில், எண்ணெய் வருவாய் குன்றிய நைஜீரியா, ஏறத்தாழ 10 இலட்சம் கானா மக்களை வெளியேற்றியிருந்தது. பின்னர் அரசாங்க ஊழியர் பல்லாயிரவர் ஆட்குறைப்புக்குள்ளாயினர். இவர்களிற் பலருக்குத் தெருவோர வணிகமும் சிறுதொழிலுமே புகலிடமாயின. முன்பு குற்றமெனப்பட்ட அதே வாழ்க்கை இப்போது சுயமுயற்சி எனப் போற்றப்படலாயிற்று.

தண்டனையும் புகழ்ச்சியும் முரண்பட்டனவாகத் தோன்றினும், இரண்டும் ஓர் உண்மையை மறைத்தன. ஏற்றுமதி விலை வீழ்ந்த காலத்திலும் ஆட்குறைப்பு நிகழ்ந்த காலத்திலும் நெருக்கடியின் செலவை ஏற்றது அவ்வுழைப்பாளரின் குடும்பமே. ஓய்வூதியமோ வேலையின்மைக் கொடுப்பனவோ அவர்க்கு இல்லை. அவர்தம் மலிவான உணவும் சேவையும் முறைசார்ந்த துறையின் குறைந்த கூலியைத் தாங்கி நின்றன. ஆகவே, அத்துறையை முதலாளித்துவத்துக்குப் புறம்பானதாகக் கொள்ளல் இயலாது.

சர்வதேசத் தொழில் தாபனத்தின் 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகின் தொழில்புரிவோரில் 61 சதவீதத்துக்கு மேற்பட்டோர், அதாவது 200 கோடிப் பேர், முறைசாரா நிலையிலேயே உழைத்தனர். பெரும்பான்மையோரின் இந்நிலையை விதிவிலக்கெனக் கொள்ளும் பொருளியலை நாம் மீள்பரிசீலனை செய்தல் அவசியமாகும்.