தோட்டத்துப் பெண்களுக்காகப் பேசிய அன்னை

கண்டியின் கலைக்குடும்பம் ஒன்றின் தலைவி அக்னஸ் டி சில்வா அம்மையார் (1885–1961). பறங்கியர் சமூகத்திற் பிறந்து, சிங்கள அரசியல்வாதி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தவர். உள்ளூர்க் கைவினைகளின் வளர்ச்சிக்கும் பாடுபட்டார். மகள் அனில், இந்திய மக்கள் நாடக மன்றத்தின் முன்னோடிகளுள் ஒருவர். இளைய மகள் மினெட், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்.

ஆயினும் மலையகத்தார் அம்மையாரை நினைவுகூர வேண்டிய காரணம் வேறு. 1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அவர் டொனமூர் ஆணைக்குழுவின்முன் சாட்சியம் அளித்தார். தோட்டங்களில் உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்கு என்று வினவினர். அவர்களும் பெண்களே, வேண்டும் என்றார் அம்மையார். நம் தலைவர்களுள் எத்தனை பேர் அன்று இவ்வாறு சொல்லத் துணிந்தனர்? 1931இல், வதிவிட நிபந்தனைகளோடேனும், அவ்வுரிமை கொழுந்து பறித்த கைகளுக்கும் எட்டியது.

பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் மினெட் உறுப்புரிமை பெற்றது 1948இல். அவ்வாசனத்தில் அமர்ந்த முதல் ஆசியப் பெண் அவரே. அதே ஆண்டிலேதான் குடியுரிமைச் சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டு தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரின் வாக்கும் பறிபோயிற்று. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை கிட்ட 2003 வரை செல்ல வேண்டியதாயிற்று.