இரண்டு வெட்டு, ஒரு கவுன்

பெண்குழந்தைக்கு வீட்டிலேயே கவுன் தைக்கும் தென்காசிப் பெண்கள், முழுக் கவுனையும் ஒரே மாதிரியிலிருந்து வெட்டுவது அபூர்வம். மேல்பாகம் பிள்ளையின் அளவுச் சட்டையிலிருந்து வரும். கழுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை கல்யாணத்துக்குப் போட்டுவந்த கவுனிலிருந்து. கீழே பாவாடை. செய்தித்தாளில் வரைந்து, வெட்டி, ஒட்டிப் பார்க்கும் இந்த வேலைக்குக் கணக்கு உண்டு. கைக்குழியையும் கையையும் வெவ்வேறு சட்டையிலிருந்து எடுத்தால் கை உட்காராது. இரண்டும் ஒரே வெட்டிலிருந்து வரவேண்டும். கழுத்தை மாற்றலாம், ஆனால் முன்துணியும் பின்துணியும் தோளில் ஒரே அகலத்தில் சந்திக்க வேண்டும். பாவாடைத் துணி இடுப்பளவைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் கொசுவம் விழும். வளர்கிற பிள்ளை என்பதால் அடியில் நான்கு விரல் துணியை உள்ளே மடித்துவிட வேண்டும். இத்தனையும் ‘கைவேலை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விடுகிறது.

வெட்டு இந்த மண்ணில் வெறும் துணி விவகாரமாக இருந்ததில்லை. குற்றாலத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது செங்கோட்டை. 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை அது மலைக்கு அப்பாலிருந்த திருவனந்தபுரத்தின் ஆளுகையில் இருந்தது. எந்தப் பெண் எதை உடுத்தலாம் என்பதற்கு அரசாணை போட்ட ராஜ்யம் அது. கிறித்தவம் தழுவிய பெண்கள், சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிந்த குப்பாயத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று 1814-இல் அனுமதி வந்தது. தெற்கே நாகர்கோவில் பக்கத்தில் மிஷனரியின் மனைவி திருமதி மீட் அதைத் தளர்வான, குட்டைக் கையுள்ள சட்டையாக ஆக்கினார். உள்ளூர்க் குப்பாயமும் ஐரோப்பியச் சட்டையும் சேர்ந்த கலவை என்றே அதைப் பார்க்கிறேன். போராட்டங்களுக்குப் பிறகு 1859-இல் வந்த அரச அறிவிப்பு, நாடார் பெண்கள் மார்பை மூடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் அல்ல என்றது. துணியை அனுமதித்துவிட்டு, வெட்டையும் உடுத்தும் விதத்தையும் சாதி தன் கையில் வைத்துக்கொண்டது.

அந்தச் சட்டைக்கு மீட் அம்மையாரின் பெயராவது இருக்கிறது. நாகர்கோவில் மிஷன் பள்ளியில் மார்த்தா மால்ட்டிடம் லேஸ் பின்னக் கற்ற சிறுமிகளுக்கு அதுவும் இல்லை. அவர்கள் பின்னிய லேஸை விற்ற பணம் பள்ளிச் செலவுக்கு உதவியது.

கடல்கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1863-இல் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் அளவுவாரியாகத் தாள் மாதிரிகளை விற்கத் தொடங்கினார். மகனுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்த மனைவி எல்லன், பிள்ளையின் அளவிலேயே ஒரு மாதிரி இருந்தால் எவ்வளவு எளிது என்று சொன்னதே தொடக்கம் என்பார்கள். நிறுவனத்துக்குக் கணவரின் பெயர். (இருவருக்கும் ஒரே குடும்பப்பெயர்தானே என்று கேட்கும் மாணவிகள் உண்டு. நல்ல கேள்வி, குடும்பப்பெயர் யாருடையது என்று நான் திருப்பிக் கேட்பேன்.)

இன்று இங்கே அளவுவாரி வெட்டு என்றால் பள்ளிச் சீருடைதான். 1985-இல் சத்துணவுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய திட்டம் அது. மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் அளவுவாரியாக வளர்வதில்லை. தோள் இறங்கிய சட்டை வீட்டுக்கு வந்ததும் ஒருத்தி பக்கவாட்டுத் தையலைப் பிரிக்கிறாள். போன வருடச் சட்டையை மேலே வைத்துச் சாக்பீஸால் கோடு போடுகிறாள். கைக்குழியைக் குறைக்கும்போது கையையும் கழற்றி அதே அளவுக்குக் குறைக்கிறாள். இந்த இரண்டாவது தையலுக்குக் கூலி விகிதம் கிடையாது. சங்கத்துக்குத் தைக்கிற பெண்ணே தன் பிள்ளைக்காக இரவில் இதைச் செய்கிறபோது, அவளுடைய ஒரே மிஷினில் ஓடும் இரண்டு தையல்களில் ஒன்றுதான் பதிவேட்டில் ஏறுகிறது.