கணக்குப் பார்த்த கண்கள்: ஆப்கானிஸ்தான் மீள்கட்டுமான நிதியமும் அதன் கண்காணிப்பு வரலாறும் (2002–2023)

ஆப்கானியரின் சூரிய நாட்காட்டியில் 1381ஆம் ஆண்டு 2002 மார்ச்சில் பிறந்தது. தாலிபான் ஆட்சி கவிழ்ந்தபின் வந்த முதல் முழு நிதியாண்டு அதுதான். காபூலில் இடைக்கால அரசு அமர்ந்துவிட்டது; ஆசிரியருக்கும் செவிலியருக்கும் சம்பளம் கொடுக்கத்தான் கருவூலத்தில் பணமில்லை. அந்த ஆண்டு உலக வங்கியின் நிர்வாகத்தில் உருவான ஆப்கானிஸ்தான் மீள்கட்டுமான அறக்கட்டளை நிதியம், அடுத்த இருபது ஆண்டுகளில் 34 கொடையாளர்களிடமிருந்து சுமார் 1,300 கோடி டாலர் திரட்டியது. மார்ஷல் திட்டத்தில் அமெரிக்கா ஐரோப்பாவுக்குக் கொடுத்த தொகையும் ஏறத்தாழ அதுவே. 1948இன் டாலரும் 2021இன் டாலரும் ஒன்றல்ல என்பதால் இந்த ஒப்புமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

இக்கட்டுரை அந்தப் பணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றியது. நிதியத்தின் கண்காணிப்பு முறை இரு பத்தாண்டுகளில் பலமுறை மாறியது. பெரும்பாலான மாற்றங்களைத் தூண்டியது கொடையாளரின் சந்தேகம். கிராமத்தார் எழுப்பிய கேள்விக்காக முறை மாறியது அரிது. இதுவே என் வாதம்.

முன்னோடிகள்

கண்காணிப்பு புதிதாய்ப் பிறந்ததல்ல. மார்ஷல் திட்டக் காலத்திலேயே, அனுப்பிய சரக்கு உரிய இடம் சேர்ந்து உரிய வேலைக்குப் பயன்பட்டதா என்று ஆள் விட்டுப் பார்த்தார்கள். பல நாடுகளின் கொடையை ஒரே பையில் போட்டு உலக வங்கியிடம் ஒப்படைக்கும் வழக்கத்துக்கு 1994இல் பாலஸ்தீன நிர்வாகத்துக்கென அமைந்த ஹோல்ஸ்ட் நிதி முன்மாதிரி. ஒஸ்லோ உடன்பாட்டில் பங்காற்றி, அந்த ஆண்டு ஜனவரியில் இறந்த நார்வே வெளியுறவு அமைச்சரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. கிழக்கு திமோருக்கும் 2000இல் அப்படியொரு நிதி வந்தது. இலங்கையின் வடகிழக்குக்கும் 2003இல் இதே அச்சில் ஒரு நிதியம் வரையப்பட்டது. உலக வங்கியே காப்பாளர். அந்த ஏப்ரலில் பேச்சுவார்த்தை நின்றுபோனதால் அது செயலுக்கு வரவேயில்லை.

மதிப்பீட்டுக்கான சொற்கள் பணக்கார நாடுகளின் வளர்ச்சி உதவிக் குழு 1991இல் வகுத்த ஐந்து அளவுகோல்களிலிருந்து வந்தவை: பொருத்தம், பயன்திறன், சிக்கனம், தாக்கம், நிலைப்பு. துப்பாக்கிச் சத்தம் ஓயாத இடத்தில் இந்த ஐந்தையும் எப்படி அளப்பது என்று அதே குழு தனி வழிகாட்டியை இறுதி செய்ய 2012 ஆகிவிட்டது. அதற்குள் ஆப்கான் நிதியத்துக்குப் பத்து வயது.

பில் பார்த்த காலம்

தொடக்க ஆண்டுகளில் நிதியத்தின் பெரும்பணி அரசின் நடைமுறைச் செலவை ஈடுகட்டுவது. ஏற்பாடு எளிமையானது. அரசு முதலில் தன் கருவூலத்திலிருந்து செலவழிக்கும். பிறகு ஆவணங்களைக் காட்டி நிதியத்திடம் திரும்பக் கேட்கும். நிதியம் அமர்த்திய கண்காணிப்பு முகவர், அதாவது ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனம், ஆவணங்களைச் சரிபார்க்கும். ராணுவச் செலவுக்கு இங்கே இடமில்லை. விதிக்கு ஒவ்வாத செலவைக் கழித்துவிட்டு மீதியைத்தான் கொடுப்பார்கள்.

இந்த ஏற்பாடு ஊர்ப்புறத்தில் எப்படி நடந்தது என்பதை அருகே போய்ப் பார்க்க வேண்டும். பல மாவட்டங்களில் வங்கிக் கிளை கிடையாது. ஆகவே ‘முஃதமத்’ என்னும் நம்பிக்கைக்குரிய பணப்பட்டுவாடாக்காரர் மாகாணத் தலைநகரில் ரொக்கத்தை வாங்குவார். அதைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் பள்ளி பள்ளியாகப் போவார். ஆசிரியர் பட்டியலில் கையொப்பமோ கைநாட்டோ வைத்துப் பணம் பெறுவார். பட்டியல் மறுபடி தலைநகருக்கு வரும். முகவர் பார்ப்பது அந்தப் பட்டியலை. நாற்பது ரேகை இருந்தால் நாற்பது சம்பளம். அந்த நாற்பது பேரும் வகுப்பில் நின்று பாடம் நடத்தினார்களா என்பதைத் தாள் சொல்லாது.

இதைக் குறையாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. ஏட்டளவில் ஒழுங்கில்லாத கருவூலத்துக்குக் கணக்கு எழுதும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது இந்தக் கழிப்புதான். ரசீது இல்லையேல் பணம் இல்லை என்பது அமைச்சகங்களுக்கு உறைத்தது. ஆனால் முறையான ஏடு உண்மையான ஏடாகிவிடாது. பள்ளிகளில் 1.1 கோடிக்கு மேல் மாணவர்கள் என்று அரசு பல காலம் சொல்லிவந்தது. 2016 இறுதியில் கல்வி அமைச்சர் அஸதுல்லா ஹனீஃப் பல்கி, உண்மையில் 60 லட்சம் இருக்கலாம் என்றார். மூன்று ஆண்டு வரை பள்ளிப்பக்கமே வராத பிள்ளையின் பெயரும் பதிவேட்டில் இருக்கும் வழக்கம் இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். யாரும் பொய்யெழுத்து எழுதத் தேவையில்லை, விதியே போதும்.

ஐந்நூறு கிராமங்கள்

நிதியத்தின் பணத்தில் நடந்த வேலைகளில் புகழ்பெற்றது 2003இல் தொடங்கிய தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டம். ரகசிய வாக்கெடுப்பில் ஊரார் ஒரு மேம்பாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆணும் பெண்ணும் அதில் சமபங்கு. குடும்பத்துக்கு 200 டாலர் என்ற கணக்கில், ஓர் ஊருக்கு 60,000 டாலருக்கு மிகாமல், நேரடி மானியம். கிணறா, சிறு நீர்மின் நிலையமா, வாய்க்காலா என்பதை ஊரே முடிவு செய்யும்.

இங்கேதான் கண்காணிப்பின் கேள்வி மாறியது. பணம் சரியாகச் செலவானதா என்பதோடு நிற்காமல், அதனால் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஆண்ட்ரூ பீத், ஃபொதினி கிறிஸ்டியா, ரூபன் எனிகோலபோவ் ஆகிய ஆய்வாளர்கள் 10 மாவட்டங்களில் 500 கிராமங்களை எடுத்து, குலுக்கல் முறையில் 250 கிராமங்களுக்குத் திட்டத்தை முதலில் வழங்கச் செய்தனர். மற்ற 250 காத்திருந்தன. 2007 முதல் 2011 வரை ஆண்களிடமும் பெண்களிடமும் தனித்தனியே கேட்டுப் பதிந்தார்கள். போர் நடக்கும் நாட்டில் இவ்வளவு பெரிய சோதனை அபூர்வம்.

முடிவுகள் ஒரே திசையில் போகவில்லை. குடிநீரும் மின்சாரமும் கூடின. ஊர்ப் பொதுவாழ்வில் பெண்களின் இடம் விரிந்தது. வாய்க்காலும் சாலையும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. அரசின் மீதான நல்லெண்ணம் வேலை நடந்தபோது உயர்ந்தது. வேலை முடிந்ததும் தேய்ந்தது. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய கிழக்கு மாவட்டங்களில் மக்களின் மனப்போக்கிலும் பாதுகாப்பிலும் நற்பலன் தென்படவில்லை. வளர்ச்சிப் பணி கலகத்தைத் தணிக்கும் என்ற அன்றைய ராணுவ நம்பிக்கைக்கு இது சங்கடமான செய்தி. என் மதிப்பில், இருபது ஆண்டுகளில் நிதியம் பெற்ற நேர்மையான விடை இதுவே. ஆனாலும் பணம் தொடர்ந்து பழைய காரணத்தைச் சொல்லியே கேட்கப்பட்டது.

கைப்பேசியில் வந்த கிணறு

பாதுகாப்பு கெடக் கெட, பார்வையிடப் போகிறவர்கள் காபூலுக்குள் அடைபட்டார்கள். 2011 ஜூலையில் அமெரிக்காவின் ஆப்கான் மீள்கட்டுமானச் சிறப்புத் தணிக்கை அலுவலகமான சிகார், நிதியத்தின் களப் பார்வை போதாது என்று சுட்டியது. ஏறத்தாழ அதே காலத்தில் மேற்பார்வை முகவர் என்ற புதிய ஏற்பாடு வந்தது. உள்ளூர்ப் பொறியாளர்கள் கைப்பேசியுடன் போவார்கள். பள்ளிச் சுவர், பாலத்தூண், கிணற்று மேடை என்று படம் எடுப்பார்கள். படத்திலேயே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். சிமெண்ட் கலவை கெட்டிருந்தால் குறை பதிவாகும், சரிசெய்ததும் மறுபடம் வரும்.

கைநாட்டைவிடப் படம் மேலான சாட்சி. சுவர் நிற்கிறது என்பதை அது உறுதிசெய்யும். அந்தக் கிணற்றில் எந்தக் குலத்தார் தண்ணீர் எடுக்கிறார்கள், யாரை விரட்டுகிறார்கள் என்பது படத்தில் விழாது. 2018இல் சிகார் மீண்டும் ஆய்ந்து, கண்காணிப்பு அறிக்கைகள் கொடையாளருக்கே முழுதாய்க் காட்டப்படவில்லை என்றும், நிதியத்தின் ஒட்டுமொத்தப் பயனை அளக்க முடியவில்லை என்றும் எழுதியது. கொடையாளருக்கே இந்தக் கதி என்றால் பர்வான் மாகாணத்து விவசாயியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த விவசாயியைக் கணக்கில் எடுத்த முயற்சி நிதியத்துக்கு வெளியே முளைத்தது. இன்டெக்ரிட்டி வாட்ச் ஆப்கானிஸ்தான் என்ற உள்நாட்டு அமைப்பு, ஊராரிலிருந்தே தன்னார்வலர்களைத் தேர்ந்து, தங்கள் ஊரில் எழும் கட்டடத்தைத் தாங்களே பார்த்துக் கேள்வி கேட்கப் பயிற்சி கொடுத்தது. தனக்காகக் கட்டும் பள்ளியின் செங்கலை நோட்டமிடும் தகப்பனுக்கு அட்சரேகை தேவைப்படாது. இது சிறிய அளவிலேயே நின்றது. நிதியத்தின் மைய முறையாக இது ஆகியிருக்க வேண்டும் என்பேன்.

2021க்குப் பின்

2021 ஜூலையில் சிகார் தன் அனுபவப் பாடங்களில் ஒன்றாகக் கண்காணிப்பையும் மதிப்பீட்டையும் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. தவறான வேலையைக் குற்றமறச் செய்துமுடிக்கும் அபாயம் என்பது அதன் தலைப்பின் பொருள். சில வாரங்களில், ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. நிதியம் பணம் வழங்குவதை நிறுத்தியது. டிசம்பரில் மீதமிருந்ததிலிருந்து 28 கோடி டாலர் யுனிசெஃபுக்கும் உலக உணவுத் திட்டத்துக்கும் மாற்றப்பட்டது. 2022 முதல் அரசுக் கருவூலத்தைத் தொடாமல் பெரும்பாலும் ஐ.நா. அமைப்புகள் வழியாகப் பணம் போகிறது. இருபது ஆண்டு தணிக்கை பழக்கிய அந்தக் கருவூலம் இந்தக் கணக்கில் இல்லை.

2023இல் நிதியத்தின் பெயரும் மாறியது. ‘மீள்கட்டுமானம்’ போய், ‘தாக்குப்பிடித்தல்’ வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுக்கும் முதலெழுத்து ஒன்றே என்பதால், ஏ.ஆர்.டி.எஃப். என்ற சுருக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.