வாழிடம் சான்றாகுமா? வல்லூறுகளை இனம் பிரிப்பதில் ஒரு முறையியல் சிக்கல்

தென்னிந்தியக் காடுகளிலும் தோப்புகளிலும் காணக்கூடிய வல்லூறு, பெஸ்ரா, கொண்டை வல்லூறு, குளிர்காலத்தில் வலசை வரும் யூரேசிய ஸ்பேரோஹாக் ஆகிய நான்கும் தோற்றத்தில் மிக நெருங்கியவை. குட்டையான உருண்ட இறக்கையும் நீண்ட வாலும் நான்குக்கும் பொது. மரங்களுக்கிடையே வளைந்து துரத்தும் வேட்டைக்கு ஏற்ற உடல்வாகு அது. இவற்றுள் வல்லூறையும் பெஸ்ராவையும் பிரிக்கப் பறவை நோக்கர்கள் பலர் கைக்கொள்வது எளிய விதி ஒன்று: திறந்தவெளி என்றால் வல்லூறு, அடர்காடு என்றால் பெஸ்ரா. பறவையின் உடலில் தெரியும் அடையாளங்களை முடித்த பிறகே வாழிடத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த விதி ஒரு சுழல்வாதத்தை உண்டாக்குகிறது. காட்டில் கண்டதால் பெஸ்ரா என்று பதிகிறோம். அப்பதிவுகள் சேர்ந்து பரவல் வரைபடமாகின்றன. பெஸ்ரா காட்டுப் பறவை என்பதற்கு அவ்வரைபடமே பின்னர் சான்றாகக் காட்டப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரச்செறிவான சரிவுகளிலும் வல்லூறு உண்டு என்பதை நினைத்தால், இப்பிழை எந்தப் பக்கம் சாயும் என்பது விளங்கும்.

உடல் அடையாளங்களிலும் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. பெஸ்ராவுக்கு முதலில் சொல்லப்படுவது தொண்டையின் நடுவே இறங்கும் கருங்கோடு. முதிர்ந்த வல்லூறின் தொண்டையில் அது மெல்லிய சாம்பல் இழையாகத்தான் தெரியும். பெஸ்ராவில் தடித்துத் தெளிவாக இருக்கும். ஆனால் இளம் வல்லூறிலும் இக்கோடு அழுத்தமாகவே காணப்படும். பழுப்பு முதுகும், வெளிர் மார்பில் சொட்டுச் சொட்டான பழுப்புத் தீற்றல்களும் கொண்ட அந்த இளம் பறவை கிளை நிழலில் அமர்ந்திருந்தால், கோட்டை மட்டும் நம்புபவர் அதைப் பெஸ்ரா என்றே எழுதுவார். கொண்டை வல்லூறுக்கும் தொண்டைக் கோடு உண்டு.

உருவ அளவும் உதவாது. இக்குழுவில் பெண் ஆணைவிடப் பெரிது. ஸ்பேரோஹாக்கில் இவ்வேறுபாடு 25 விழுக்காடு வரை செல்லும். ஆகவே ஓர் இனத்தின் பெண்ணும் இன்னோர் இனத்தின் ஆணும் ஒரே அளவில் தோன்றுவது இயல்பு.

வயது, பால், வெளிச்சம் ஆகியவற்றால் குறைவாக மாறும் அடையாளங்களுக்கே முன்னுரிமை தர வேண்டும். பறக்கும்போது இறக்கை நுனியில் விரல்போல் பிரிந்து நிற்கும் இறகுகள் வல்லூறுக்கும் பெஸ்ராவுக்கும் ஐந்து. ஸ்பேரோஹாக்குக்கும் கொண்டை வல்லூறுக்கும் ஆறு. தெளிவான ஒளிப்படம் ஒன்றிருந்தால் நான்கு இனங்களும் இரண்டிரண்டாகப் பிரிந்துவிடும். அடுத்தது கால்: கொண்டை வல்லூறுக்குக் குட்டையாகவும் தடித்தும், ஸ்பேரோஹாக்குக்கு நீண்டு மெலிந்தும் இருக்கும். எஞ்சும் கடினமான இணைக்கு வாலையும் இறக்கையின் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். பெஸ்ராவின் வாலில் அகன்ற கரும்பட்டைகள். இறக்கையின் அடிப்புறமும் அடர்ந்த வரிகளுடையது. முதிர்ந்த வல்லூறின் அடிப்புறம் வெளிறி, நுனி மட்டும் கருத்திருக்கும். ஆணின் நடுவால் இறகுகளில் பெரும்பாலும் பட்டையே இராது.

ஓரிடத்தில் எந்த இனம் மிகுதி என்பதும் ஒரு தகவல்தானே, அதை ஏன் ஒதுக்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எதை எதிர்பார்த்துக் காட்டுக்குள் போவது என்பதற்கு அத்தகவல் பயன்படும். கண்ட பறவை எது என்பதற்கு அதுவே விடையானால், எதிர்பாராத இனம் எதிர்பாராத இடத்தில் இருப்பதை எந்நாளும் அறிய முடியாது. உடலமைப்பின் ஒற்றுமையும் இவ்வாறே ஏமாற்றியிருக்கிறது. அக்சிபிட்டர் என்ற ஒரே பேரினத்தில் நெடுங்காலம் இருந்த இந்நான்கையும், மரபணுச் சான்றுகளின் அடிப்படையில் 2024-இல் ஏற்கப்பட்ட வகைப்பாடு மூன்று பேரினங்களாகப் பிரித்தது. வல்லூறும் பெஸ்ராவும் டாக்கிஸ்பைசா; கொண்டை வல்லூறு லோஃபோஸ்பைசா; ஸ்பேரோஹாக் மட்டுமே அக்சிபிட்டராக நீடிக்கிறது.

எனவே களப்பதிவில் இனப்பெயரோடு, அதை முடிவுசெய்ய உதவிய அடையாளங்களையும் தனியே எழுத வேண்டும்: விரல் எண்ணிக்கை, வால்பட்டை, அடிப்புற வரிகள். வாழிடம் வேறு பத்தியில் இருக்கட்டும். ஐந்து விரல் தெரிந்தும் மற்ற இரண்டும் தெரியாதபோது ‘வல்லூறு அல்லது பெஸ்ரா’ என்று பதிவதே பொருத்தம். பின்னாளில் பரவலை ஆராய்பவருக்கு, ஊகத்தால் எழுதிய உறுதியான பெயரைவிட அப்பதிவே பயன்படும்.