தகர வில்லை

பாஸ்போர்ட் எடுத்த அனுபவம் உண்டா உங்களுக்கு? பிறந்த தேதிக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, அப்புறம் விசாரிக்க வரும் போலீஸ்காரர்... எல்லாம் முடிந்து நீலப் புத்தகம் கைக்கு வந்தால்தான் எல்லையைத் தாண்டலாம்.

இது எதுவும் இல்லாமலே கடல் தாண்டிப் போனவர்கள் நம் தருமபுரிச் சீமைக்காரர்கள்!

அப்போது தருமபுரி தனி மாவட்டம் இல்லை. 1965 வரை சேலத்தோடுதான் இருந்தது. 1876-78ல் தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவையும் போட்டுத் தாக்கியது. இப்படிப் பஞ்சமும் கடனும் வாட்டிய ஊர்களுக்குத்தான் கங்காணிகள் வந்தார்கள். முன்பணம் கொடுத்து, இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப் போனார்கள். பாஸ்போர்ட்? யாரும் கேட்கவில்லை. அந்தக் கரையிலும் வெள்ளைக்காரன் ஆட்சி, இந்தக் கரையிலும் அவன் ஆட்சி. தோட்டத்துக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கையில் ஒரு தகர வில்லையைக் கொடுத்தார்கள். அதில் பெயர் இருக்காது. தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். அதைக் காட்டினால் பயணச் செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும். மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் வைத்து, நோய் நொடி இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏற்றியது.

காடு திருத்தி, தேயிலை நட்டு, இரண்டு மூன்று தலைமுறை ஓடிவிட்டது. 1948ல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அந்த வருஷமே குடியுரிமைச் சட்டமும் வந்தது. ‘உன் அப்பா இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே?’ என்றார்கள். லயத்தில் பிறந்தவனிடம் ஏது சான்று? சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சொத்துப் பாகம் பிரிக்கிற மாதிரி! போகும்போது கேட்காத பாஸ்போர்ட்டை, திருப்பி அனுப்பும்போது கையில் திணித்தார்கள்.

1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. படகேறி அகதியாக வந்தார்கள். தருமபுரி மாவட்டத்தில் நாகாவதி அணை, தும்பலஹள்ளி அணைப் பக்கம் முகாம்கள் எழுந்தன. தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களில் அந்தப் பழைய தோட்டக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. 2021ல் அரசு இந்த முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. பெயர் மாறினாலும் பாஸ்போர்ட் வந்துவிடாதே!

2022ல் ஒரு சின்ன வெளிச்சம். முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தர மறுத்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியரே என்கிறது சட்டம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

அவர் பிறந்தது எந்த முகாம் தெரியுமா? அதே மண்டபம்!

அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். அணைக்கரை முகாமில் பிறந்து, தருமபுரிப் பள்ளியில் படித்து, நம்மைப் போலவே பேசுகிற பிள்ளையிடம் இன்றும் சான்று கேட்கிறோம்.

பாட்டன் கையில் இருந்த தகர வில்லையைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்களா?