முட்டை உரிக்க வரமாட்டேங்குதா? அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறே இருக்கு!

1/
அவிச்ச முட்டையை உரிக்கும்போது ஓட்டோட பாதி வெள்ளைக்கருவும் பிஞ்சு வருதா? "கடைக்காரர் பழைய முட்டையைத் தலையில கட்டிட்டார்"னு திட்டியிருப்பீங்க.

உண்மை அதுக்கு நேர் எதிர். உரிக்க அடம்பிடிக்கிற முட்டைதான் பெரும்பாலும் புதுசு. வழுவழுன்னு உரிஞ்சு வர்ற முட்டை, கோழி இட்டுச் சில நாள் ஆனது.

இதை உலகம் புரிஞ்சுக்கிட்ட கதை சுவாரசியமானது. வாங்க பார்ப்போம்.

2/
முதல்ல கொஞ்சம் அறிவியல்.

முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் அதுல இருக்கு. ஓட்டுக்கு உள்ளே இரண்டு மெல்லிய சவ்வுகள்.

கோழி இட்டதும் வெள்ளைக்கருவுல கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருக்கும். அப்போ அதன் பி.ஹெச் அளவு சுமார் 7.6. நாள் ஆக ஆக அந்த வாயு துளைகள் வழியா வெளியேறும். காரத்தன்மை கூடி, பி.ஹெச் 9-ஐத் தாண்டும்.

பி.ஹெச் குறைவா இருக்கும் புது முட்டையை அவிச்சா, வெள்ளைக்கரு சவ்வோட இறுக்கமா ஒட்டிக்கும். பி.ஹெச் ஏறினா அந்தப் பிடி தளர்ந்துடும். மொத்த ரகசியமும் இதுதான்.

3/
இனி வரலாறு.

ஃபிரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்காலம் வந்தாலே முட்டைத் தட்டுப்பாடுதான். பகல் வெளிச்சம் குறைஞ்சா கோழி முட்டையிடுவதும் குறையும். அதனால வசந்த காலத்துல கிடைக்கும் முட்டைகளைச் சேமிச்சு வெச்சாங்க.

எப்படி? சுண்ணாம்புத் தண்ணியில ஊறப்போட்டாங்க. பிறகு சோடியம் சிலிக்கேட் கரைசல் வந்தது. 'வாட்டர் கிளாஸ்'னு சொல்வாங்க. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன: ஓட்டின் துளைகளை அடைப்பது. முட்டை மாதக்கணக்குல தாங்கியது.

ஆனா அதை அவிக்கும்போது, முதல்ல ஊசியால ஓட்டுல ஒரு ஓட்டை போடணும். இல்லைன்னா உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாம ஓடு வெடிச்சுடும்!

4/
20-ஆம் நூற்றாண்டுல அடுத்த முறை வந்தது. நிறமும் மணமும் இல்லாத மினரல் ஆயிலை ஓட்டின் மேல தடவுறது. எண்ணெய் துளைகளை அடைக்கும், வாயு உள்ளேயே தங்கும், முட்டை பல நாள் புதுசு போலவே இருக்கும். வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம்.

ஆனா அவிச்சுப் பார்த்தா? உரிக்கவே முடியல.

1959-ல் 'பவுல்ட்ரி சயின்ஸ்' என்ற ஆய்விதழ்ல ஸ்வான்சன் என்ற ஆய்வாளர் இந்தச் சிக்கலைப் பற்றியே எழுதினார்: புது முட்டையும், ஓட்டுக்குப் பூச்சு கொடுத்த முட்டையும் அவிச்சபின் உரிக்கச் சிரமப்படுத்துவது ஏன்? அடுத்தடுத்த ஆய்வுகளும் வெள்ளைக்கருவின் பி.ஹெச்சைத்தான் கைகாட்டின.

முட்டையைப் புதுசா வெச்சிருக்க மனுஷன் எடுத்த முயற்சிதான் அதை உரிக்க விடாம செய்தது. வேடிக்கைதான் இல்லையா?

5/
இதை ஏன் ஒரு டாக்டர் பேசணும்?

ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம். அதுல பாதிக்கும் மேல வெள்ளைக்கருவுலதான் இருக்கு. ஓட்டோட பிஞ்சு குப்பைக்குப் போறது அந்தப் புரதம்தான்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டத்துல, 1989-ல் கலைஞர் ஆட்சியில முட்டை சேர்ந்தது. அப்போ இரண்டு வாரத்துக்கு ஒண்ணு. படிப்படியா ஏறி, 2010-ல் வாரத்துக்கு 5 ஆனது.

200 பிள்ளைங்க சாப்பிடும் பள்ளியில, தினமும் 200 முட்டையை உரிக்கிறது சமையலரும் உதவியாளரும்தான். அவங்க கையில முட்டை முழுசா உரிஞ்சு வந்தாத்தான் பிள்ளையின் தட்டுக்கு முழு முட்டை போகும்.

6/
இன்னொரு காரணமும் உண்டு. 2017-ல் கொல்கத்தாவில் 'பிளாஸ்டிக் முட்டை' பீதி கிளம்பி, வாட்ஸ்அப் வழியா நாடு முழுக்கப் பரவியது. ஓட்டுக்குள்ளே பேப்பர் மாதிரி ஏதோ இருக்கு, நெருப்புல காட்டினா கருகுதுன்னு வீடியோக்கள்.

அந்தப் "பேப்பர்" வேற ஒண்ணுமில்லை, நாம மேலே பார்த்த சவ்வு. அது புரதம். முடியைக் கொளுத்தினா எப்படிக் கருகி நாறுமோ, அப்படித்தான் இதுவும்.

"குழந்தைக்கு முட்டை கொடுக்கறீங்களாம்மா?"ன்னு ஓ.பி-யில கேட்டா, "பிளாஸ்டிக் முட்டை வருதாமே சார், நிறுத்திட்டோம்"னு சொன்ன தாய்மார்கள் உண்டு. மெலிஞ்சு கிடக்கும் பிள்ளையோட தட்டுல இருந்து, விலை குறைஞ்ச நல்ல புரதத்தை ஒரு வதந்தி பிடுங்கிடுச்சு.

7/
சரி, எப்படி உரிக்கிறது?

• நம்ம ஊர் வெக்கைக்கு வாயு சீக்கிரமே வெளியேறிடும். வாங்கின முட்டையைச் சில நாள் வெச்சிருந்து அவிங்க.

• பச்சைத் தண்ணியில போட்டு அடுப்பை மூட்டாதீங்க. தண்ணி கொதிச்சபின், கரண்டியில வெச்சு மெதுவா இறக்குங்க. 10 முதல் 12 நிமிஷம் போதும். அமெரிக்க சமையல் எழுத்தாளர் கெஞ்சி லோபஸ்-ஆல்ட் நூற்றுக்கணக்கான முட்டைகளை அவிச்சுப் பார்த்துச் சொன்ன முடிவும் இதேதான்.

• வெந்ததும் குளிர்ந்த தண்ணியில போடுங்க. வேகுறது நின்னுடும். மஞ்சள்கருவைச் சுத்திப் பச்சை வளையம் வராது. வந்தாலும் பயம் வேண்டாம். அது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, கெடுதல் இல்லை.

• அகலமான பக்கத்துல காற்றறை இருக்கும். அங்க தட்டி ஆரம்பிங்க. சவ்வுக்கு அடியில விரல் போனா ஓடு தானா வரும்.

• உப்பு போட்டா உரிக்க வரும்னு சொல்வாங்க. கீறல் விழுந்த முட்டையில இருந்து வெள்ளைக்கரு ஒழுகாம உறையத்தான் உப்பு உதவும்.

• உரிச்ச முட்டையை 2 மணி நேரத்துக்கு மேல வெளியே வைக்காதீங்க.

8/
"நாள் ஆனது" வேற, "கெட்டது" வேற. உடைச்சதும் நாத்தம் அடிச்சா யோசிக்காம கொட்டிடுங்க. உரிக்க வரலைங்கிற ஒரே காரணத்துக்காக முட்டையைச் சந்தேகப்படாதீங்க.

பிஞ்சு போன முட்டையிலும் அதே சத்துதான். அதைப் பொரியலாக்கியாவது பிள்ளைக்குக் கொடுங்க.