சாக்பீஸ் பொடியும் ஒரு ருஷ்யக்காரரும்

ஸ்கூல் படிக்கும்போது சாக்பீஸை மையில் நிற்கவைத்து விளையாடாதவங்க யாராவது உண்டா? மை மேலே ஏற ஏற நிறங்கள் தனித்தனியாப் பிரியும். நான் சட்டையெல்லாம் மையாக்கி அடி வாங்கியதுதான் மிச்சம். அதே சமாச்சாரத்தை வைத்து ஒருத்தர் ரசாயனத்தையே புரட்டிப் போட்டிருக்கார்!

மிகைல் த்ஸ்வெட். 1872ல் இத்தாலியில் பிறந்து ஜெனீவாவில் வளர்ந்தவர். ருஷ்ய மொழியில் 'த்ஸ்வெட்' என்றால் நிறம். பேர்ப்பொருத்தம் பாருங்க :-) ஜெனீவாவில் வாங்கின டாக்டர் பட்டம் ருஷ்யாவில் செல்லாதுன்னு சொல்லிட்டதால், அங்கே மறுபடி படிச்சுப் பட்டம் வாங்க வேண்டியதாப் போச்சு.

கேரட்டில் இருந்து கரோட்டினை வாக்கன்ரோடர் 1831லேயே பிரித்தெடுத்துவிட்டார். ஆனா பச்சை இலைக்குள்ளேயும் அதே மஞ்சள் சரக்கு ஒளிஞ்சிருக்கு. (இலை உதிரும் முன்னாடி பச்சை போனதும் வெளியே தெரியுதே, அதேதான்.) அதை எப்படிப் பிரிப்பது? வார்சாவில் வேலை பார்த்த த்ஸ்வெட், கண்ணாடிக் குழாயில் கால்சியம் கார்பனேட் பொடியை, அதாவது நம்ம சாக்கட்டிச் சரக்கை, இறுக்கி அடைத்தார். இலைச்சாற்றை மேலே ஊற்றி, பின்னாலேயே கரைப்பானை விட்டார். பச்சையும் மஞ்சளும் பட்டை பட்டையாப் பிரிந்து நின்றன. கரோட்டின் மட்டும் பொடியில் ஒட்டாமல் முதல் ஆளாக் கீழே இறங்கி ஓடிவிட்டது. 1906ல் இந்த முறைக்கு 'குரோமட்டோகிராபி' என்று பேர் வைத்தார். 'கரோட்டினாய்டு' என்ற குடும்பப் பேரும் 1911ல் அவர் வைத்ததுதான்.

ஆனா யார் நம்பினாங்க? அந்தக் காலத்துப் பெரிய ஆள் ஜெர்மனியின் வில்ஸ்டேட்டர். கிலோக்கணக்கில் இலையை அரைத்துப் படிகமா எடுப்பது அவர் பாணி. பொடிக்குழாயில் போட்டால் சரக்கு கெட்டுவிடும் என்று அவருக்குச் சந்தேகம். தாவர நிறமிகளுக்காக 1915ல் நோபல் அவருக்குத்தான் போச்சு. அதே வருஷம் ஜெர்மன் படை வார்சாவைப் பிடிக்க, த்ஸ்வெட் ஊர் ஊரா அலைந்து, 1919ல் வரோனெஷில் செத்துப்போனார். வயசு 47.

1931ல் ஹைடல்பெர்க்கில் கூன், வின்டர்ஸ்டைன், லெடரர் மூணு பேரும் அதே குழாய் முறையில் கரோட்டினை ஆல்பா, பீட்டா என்று பிரித்துக் காட்டினாங்க. லெடரருக்கு வழி காட்டியது த்ஸ்வெட் ருஷ்ய மொழியில் எழுதின புஸ்தகத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. அதைத் தனக்காகச் செய்யச்சொல்லி வைத்திருந்தவர் யார் தெரியுமா? சாட்சாத் வில்ஸ்டேட்டர்! கூன் அவரோட மாணவர்.

கூனுக்கு 1938ல் நோபல் கிடைத்தது. ஆனா ஹிட்லர் அரசு வாங்கவிடலை. அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதறேன்.